கூரை இல்லாத பஸ்ஸில் நான் காத்த இரகசியம்

கொழும்பு பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் என்னை மெயில் ரயிலில் ஏற்றினார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. சொன்னதை அப்படியே நம்பும் பிள்ளை, சொன்னபடி நடக்கும் பிள்ளை என்று யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்த நல்ல பெயரால் எங்கள் வீட்டில் ஒரு கலியாணம் நின்று போனது. நின்றது நன்மைக்கா தீமைக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது என் குற்றந்தான் என்பது சில நாட்களில் நிச்சயமாகத் தெரிகிறது, சில நாட்களில் தெரிவதில்லை.

உண்மையில் அந்தப் பயணத்தில் பார்க்கப்பட வேண்டியவர் குஞ்சியம்மா. அம்மாவின் கடைசித் தங்கை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பென்சன் உள்ள வேலை. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது, சீதனமும் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ஒருமுறை பெண்ணைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பார்வைக்கென்று ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை பகுதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பதில்லை. கோயில் வீதியில் இரண்டு பகுதியாரும் தற்செயலாக எதிர்ப்படுவார்கள். தற்செயலுக்கு நாளும் நேரமும் முன்பே குறித்திருக்கும். ஒருவரோடு ஒருவர் கதைக்கமாட்டார்கள், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். பிடித்துப்போனால் பேச்சு மேலே நடக்கும். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. இவர்களும் கோயிலுக்குப் போனார்கள், அவர்களும் போனார்கள். பெண்ணை வேண்டாம் என்றார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

மாப்பிள்ளைக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. ஆகையால் தற்செயல் கொழும்புக்கு மாறியது. ஐயா, என் தகப்பனார், அங்கே ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் கிளறிக்கராக இருந்தார். வருடத்தில் மூன்று தரம் ஊருக்கு வருவார். வெள்ளவத்தையில் அவருடைய கூட்டாளி ஒருவர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்ததால், அவருடைய வீட்டில் ஒரு கிழமை தங்க எங்களுக்கு இடம் கிடைத்தது. அம்மா கொழும்பில் உள்ள கோயில் ஒன்றைச் சொன்னார். ஐயா மறுத்துவிட்டார்.

“கோயில் முழுக்க எங்கடை ஆக்கள். வெள்ளவத்தையிலை இருமினால் கொக்குவிலிலை கேக்கும். நான் வேறை ஒரு இடம் பார்த்து வைச்சிருக்கிறன்.”

ஐயா பார்த்து வைத்த இடம் இதுதான். களனி ஆற்றின் பெரிய பாலத்தடியில் இருந்து ஒரு லாஞ்சு, மோட்டார்ப் படகு, புறப்படும். ஆற்றில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பும். இறங்கியதும் ஒரு பஸ் காத்திருந்து பட்டினத்தைச் சுற்றிக் காட்டும். கப்பலில் வரும் வெள்ளைக்காரருக்காகக் கூரையைக் கழற்றிவிட்ட பஸ் அது. கப்பல் இல்லாத நாட்களில் எங்களைப் போன்றவர்களையும் ஏற்றும். வெளிச்சத்தில் பெண்ணை வடிவாகப் பார்க்கலாம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரியும் இருக்கும் என்பது ஐயாவின் கணக்கு.

இவை எல்லாம் பிற்காலத்தில் துண்டுதுண்டாகக் கேட்டு நான் பொருத்திக்கொண்டவை. ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், குஞ்சியம்மா ரயிலில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதும், அம்மா யன்னலைப் பார்த்தபடி, “இதுவும் தப்பினால் பிறகு இரண்டாந்தாரந்தான்” என்று சொன்னார் என்பதுந்தான். இரண்டாந்தாரம் என்பது அடுத்து வரும் ஸ்டேசன் என்று நினைத்து, வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுக்குப் புறப்பட வேண்டிய அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே புத்தி சொன்னார்.

“இஞ்சை பார் பிள்ளை. லாஞ்சிலையோ பஸ்ஸிலையோ ஆரும் உன்னோடை கதைச்சால், குஞ்சியம்மாவுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கினம் எண்டு வாய் திறக்கப்படாது.”

அதுவரை கலியாணம் என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை. “குஞ்சியம்மாவுக்குக் கலியாணமோ?” என்று கேட்டேன்.

“இல்லையெண்டுதானே சொல்லுறன். அப்பிடி ஒண்டும் இல்லை. நாங்கள் கொழும்பு பார்க்க வந்தனாங்கள்.”

“எப்பவும் இல்லையோ?”

“எப்பவும் இல்லை. தலையை ஆட்டாதை.” பின்னலை இறுக்கி முடிந்துவிட்டு, யோசித்து, இன்னொன்றும் சேர்த்தார். “நான் சொல்லித் தந்ததெண்டும் சொல்லிப்போடாதை.”

நான் அம்மாவை நம்பினேன். குஞ்சியம்மாவுக்குக் கலியாணம் இல்லை, எப்பவும் இல்லை, அதை அம்மா சொல்லவில்லை. மூன்றையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆற்றைக் கண்டதும் மூன்றும் மறந்துபோயின. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. தண்ணீர் என்றால் ஒன்று கிணறு, அல்லது கடல். கிணற்றுத் தண்ணீர் யாரோ ஒருவருக்குச் சொந்தம். கடல் உப்பு, ஆகவே ஒருவருக்கும் வேண்டாம். களனியில் ஓடியது இரண்டிலும் சேரவில்லை. கலங்கிய தேநீர் நிறத்தில், அகலமாக, ஒருவரும் இறைக்காமல், தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. லாஞ்சின் ஓரத்தில் எட்டி விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பில்லை.

“ஐயா, நல்ல தண்ணி! எங்கை போகுது?”

“கடலுக்கு.”

“முழுக்கவுமோ?”

“முழுக்கத்தான்.”

எங்கள் தோட்டத்துப் புகையிலைக்குத் தண்ணீர் முறை வைத்து இறைக்கிறவர்கள் நாங்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. “இவ்வளவு நல்ல தண்ணியும் ஆரின்ரை?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

எதிர்ப் பலகையில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு மெல்லிய மனிதர், அவருடைய அக்கா, அக்காவின் புருசன். நாங்கள் ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாக முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருந்தோம். எல்லாரும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்காரர் ஆற்றைப் பார்த்தபடியே, ஒருவரையும் பாராமல், “அரசாங்கத்தின்ரை தண்ணி. ஆனால் இன்னும் வரி போடேல்லை” என்றார்.

குஞ்சியம்மா சிரித்துவிட்டார். கையால் வாயைப் பொத்தினார், ஆனாலும் நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். சிரித்தது குஞ்சியம்மா, கிள்ளு எனக்கு. அன்றைய நாளில் எனக்கு விளங்காமல் போனவற்றில் இது முதலாவது.

அந்தச் சிரிப்பை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். குஞ்சியம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான். பிடிக்கவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. திரும்பி வரும்போது அம்மா நீட்டிய வடையை அவர் வாங்கி, எவரும் பாராத நேரம் ஆற்றில் போட்டார். மீனுக்குப் போட்டாரோ என்னவோ. அப்படியும் இருக்கலாம்.

பஸ்ஸில் ஐயாவின் கணக்குப் பிழைத்தது. பெண் ஓரத்து இருக்கையில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை பின்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பஸ்ஸில் வழிகாட்டியாக வந்த, கையில் சத்தமாகப் பேசுவதற்கான தகரக் குழாய் வைத்திருந்த மனிதருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. லாஞ்சில் இருந்து முதலில் இறங்கிய கண்ணாடிக்காரரை அவர் முன் இருக்கைக்குத் தள்ளிவிட்டார். குஞ்சியம்மா நேர் பின்னால் இருந்தார். லாஞ்சில் நேருக்கு நேர் இருந்தும் இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். இப்போது பார்க்க வேண்டுமானால் மாப்பிள்ளை கழுத்தைத் திருப்ப வேண்டும். மரியாதையான குடும்பத்து ஆள் திரும்புவாரா? ஐயாவும் அம்மாவும் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்து தவித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய அக்காவும் புருசனும் கடைசி வரிசையில் இருந்து தவித்துக்கொண்டிருந்தார்கள்.

தகரக் குழாய்க்காரர், சின்னப்பிள்ளைகள் முன்னுக்கு வந்தால் வடிவாகப் பார்க்கலாம் என்று என்னையும் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். அங்கே எனக்குப் பக்கத்தில் கண்ணாடிக்காரர்.

கூரை இல்லாத பஸ்ஸில் போவது, மரத்தில் ஏறி இருந்துகொண்டு மரத்தோடு ஓடுவது போல் இருந்தது. மரக்கிளைகள் தலைக்கு மேலால் போயின. டிராம் வண்டி ஒன்று கம்பியில் நெருப்புப் பொறி பறக்க எங்களைக் கடந்தது. தகரக் குழாய்க்காரர் இங்கிலிசிலும் சிங்களத்திலும் மாறிமாறிக் கத்தினார். எனக்கு இரண்டும் தெரியாது. அவர் இடப்பக்கம் கை காட்டிய போதெல்லாம் வலப்பக்கத்துக் கட்டடந்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆகவே கொழும்பில் எதற்கு எது பெயர் என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பந்தான்.

கண்ணாடிக்காரர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“பிள்ளை எந்த ஊர்?”

“கொக்குவில்.”

“ஆறு பிடிச்சுதோ?”

“தண்ணி வீண்போகுது.”

“ஓம், நானும் வந்த புதிசிலை அப்பிடித்தான் நினைச்சனான். பிறகு பழகிப்போச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “உங்கடை குஞ்சியம்மாவுக்குக் கொழும்பு பிடிச்சிருக்கோ?” என்றார்.

அவர் எனக்குக் குஞ்சியம்மா என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

“தெரியாது. அவ ஒண்டும் சொல்லுறதில்லை. சாப்பிடுறதும் இல்லை.”

“ஏன் சாப்பிடுறேல்லை?”

 பிறத்தியார் ஒருவர் குஞ்சியம்மாவைப் பற்றிக் கேட்கிறார். அம்மா சொன்ன நேரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னேன்.

“குஞ்சியம்மாவுக்குக் கலியாணம் ஒண்டும் இல்லை. நாங்கள் கொழும்பு பார்க்க வந்தனாங்கள். கலியாணம் எப்பவும் இல்லை.”

அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் மாறியிருந்தது.

“அதை ஆர் பிள்ளை சொன்னது?”

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. குஞ்சியம்மாவின் கை. வளையல் என் கழுத்தில் குளிர்ந்தது. விரல்கள் அழுத்தின.

அம்மா சொன்னதென்று சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. மூன்றுக்கும் நடுவில் நின்று நான் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன்.

“குஞ்சியம்மாதான் சொன்னவ.”

அவர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் குஞ்சியம்மாவின் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான். நானும் திரும்பினேன். குஞ்சியம்மா தலையைக் குனியவில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. உதடு பிரிந்தது போல இருந்தது, ஏதோ சொல்ல வருகிறார் போல. அதற்குள் தகரக் குழாய்க்காரர் நகர மண்டபத்தைக் காட்டிப் பெரிய சத்தம் போட்டார். பஸ்ஸில் இருந்த எல்லாருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. என் தலையும் திரும்பியது. வெள்ளையாக, பெரிய முட்டைக் கோது கவிழ்த்தது போன்ற கூரை. அதை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். நான் திரும்பியிருக்காவிட்டால் குஞ்சியம்மா சொன்னாரா இல்லையா என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

காலிமுகத்திடலில் காற்று வாங்குவதற்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி ஏறினார்கள். கண்ணாடிக்காரர் ஏறவில்லை. அவருடைய அக்கா எங்களோடு கதைக்க முடியாது, ஆகவே தன் புருசனைப் பார்த்து எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

“தம்பிக்கு வெயில் ஒத்துவரேல்லைப் போலை.”

அம்மா ஐயாவைப் பார்த்து அவர்களுக்குக் கேட்கும்படி மறுமொழி சொன்னார். “ஓம், இண்டைக்கு வெயில் கொஞ்சம் கூடத்தான்.”

இரண்டு புருசன்மாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடிதம் வந்தது. குறிப்பை வேறொரு சாத்திரியாரிடம் காட்டியதில் பொருத்தம் குறைவென்று சொன்னாராம். அது சாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவும் ஐயாவும் குசினிக்குள் அடுப்படியில் நின்று குரலை அடக்கிச் சண்டை பிடித்தார்கள்.

“கூரை இல்லாத பஸ்ஸிலை ஏத்திப் பெட்டையைக் கறுக்க வைச்சுப்போட்டியள். கோயிலிலை எண்டால் விளக்கு வெளிச்சத்திலை பார்த்துப்போட்டுப் போயிருப்பார்.”

“அவன் எங்கையப்பா பார்த்தவன்? முன்னுக்கெல்லோ இருந்தவன்! முதுகாலையோ பார்க்கிறது?”

“பின்னை ஏன் வேண்டாமெண்டவர்?”

 ஐயா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா திரும்பியபோது, குசினி வாசலில் நின்றிருந்த என்னைக் கண்டார். என்னவோ நினைவு வந்து, மெதுவாகக் கேட்டார்.

“அந்த ஆள் உன்னோடை என்ன கதைச்சவர்?”

நான் இரகசியத்தைக் காப்பாற்றிய கதையைப் பெருமையோடு சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. கடைசியில், “நீங்கள் சொல்லித் தந்ததெண்டு சொல்லவேயில்லை அம்மா” என்றேன். என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மியில் உட்கார்ந்துவிட்டார். அம்மியில் உட்காரக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். எனக்கு அடி விழவில்லை, ஏச்சும் இல்லை. ஐயாவுக்கு இதை அம்மா சொல்லவே இல்லை. வெயில்தான் காரணம் என்று ஐயா கடைசிவரை நம்பினார்.

நான்கு வருடங்களுக்குப் பிறகு குஞ்சியம்மாவைப் பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாந்தாரம் அல்ல. சில நாட்களில் அங்கே போய்விட்டு, குஞ்சியம்மா சந்தோசமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன். வேறு சில நாட்களில் அப்படி நினைக்க முடிவதில்லை. கண்ணாடிக்காரர் கோப்பாயில் கலியாணம் செய்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவரைப் பற்றி ஒருவராவது ஒரு குறை சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒருவரும் சொல்வதில்லை.

எனக்கு மகள் பிறந்தபோது குஞ்சியம்மா வந்து பத்தியம் பார்த்தார். ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டி முடிந்ததும், துணிந்து கேட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் என் தோளைப் பிடித்தீர்களே, நிறுத்து என்று பிடித்தீர்களா, சொல்லு என்று பிடித்தீர்களா?

“பஸ் திரும்பினது. நீ விழுந்திடுவாயெண்டு பிடிச்சனான்” என்றார் குஞ்சியம்மா. பிறகு குழந்தையின் காதுக்குள் தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்கத் தொடங்கினார்.

பஸ் அப்போது திரும்பியதா? நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். நேரே போனதாகத்தான் ஞாபகம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் ஞாபகம். இப்போது என் மகளுக்கு மூன்று வயது. அவளிடம் ஒன்றைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் அவள் தானாக ஒன்றை நினைத்துக்கொள்வாளே என்று திரும்பவும் சொல்லத் தொடங்குகிறேன். இதைப் பார்த்து என் கணவர் சிரிக்கிறார்.

அந்த மத்தியானத்தில் நடந்த இன்னொன்றையும் எழுதாவிட்டால் கணக்குச் சரிவராது. அம்மியில் இருந்து எழும்பிய அம்மா நேரே அறைக்குள் போனார். குஞ்சியம்மா அங்கே பெட்டியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்றேன்.

“நீ பின்னுக்குத்தானேயடி இருந்தனி?” என்றார் அம்மா. “உவள் சொன்னதெல்லாம் கேட்டதுதானே? ஒரு சொல்லு, அப்பிடி இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாய் இல்லையோ?”

குஞ்சியம்மா மடித்த சேலையை உதறித் திரும்பவும் மடித்தார்.

“என்னோடை ஒருத்தரும் கதைக்கேல்லையே அக்கா” என்றார்.

அது சரி என்றுதான் எனக்குப் பட்டது. கண்ணாடிக்காரர் கதைத்தது என்னோடுதான், குஞ்சியம்மாவோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நானே அதற்குச் சாட்சி. அதைச் சொல்வோமென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா வாசலை மறித்து நின்றபடி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டப் போய், சேலையின் மற்றத் தலைப்பைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அதை மடித்தார்கள். இவ்வளவு சின்ன மறுமொழியைக் கேட்டு அம்மாவின் கோபம் ஏன் அடங்கிப்போனது என்று எனக்கு விளங்கவில்லை.